பெரம்பூரா, கொளத்தூரா, திருவொற்றியூரா?

திருநெல்வேலியிலிருந்து 2022-இல் மாற்றலாகி வந்தபோது வடசென்னை என்றால் எனக்குப் பாரிமுனையில் இருந்த அலுவலகமும் தண்டையார்பேட்டையில் பிடித்த வாடகை வீடும்தான். அடுத்த வருடம் சொந்தமாக வாங்கிவிடலாம் என்று இறங்கினோம். 65 லட்சம் வரை தாங்கும், அதில் பாதிக்கு மேல் கடன். தேடித் தேடிக் கடைசியில் மூன்று இடங்களில் வந்து நின்றோம். வாங்கியது பெரம்பூரில். அதனால் நடுநிலையான தீர்ப்பை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஆஸ்பத்திரி இவற்றில் மூன்று இடத்துக்கும் குறையில்லை.

திருவொற்றியூரில் நாங்கள் பார்த்த வீடுகள்தான் மூன்றிலும் மலிவு. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டுவிட்டதால் அலுவலகம் போவதும் சுலபம். வடிவுடையம்மன் சன்னிதியில் நின்றபோதே என் மனைவி பாதி முடிவு செய்துவிட்டாள். எனக்குத்தான் உப்பு இடித்தது. கட்டி ஐந்து வருடம்கூட ஆகாத ஒரு வீட்டின் பால்கனி கிரில்லைத் தொட்டேன், துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. போர் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தால் கரிப்பு. எனக்கு மணலி, எண்ணூர் பக்கம் வேலை என்றால் இதையெல்லாம் பொறுத்துக்கொண்டு அங்கேயே வாங்கியிருப்பேன்.

கொளத்தூரில் கிடைப்பது புதுசு. லிஃப்ட், மூடிய கார் பார்க்கிங், பளபளக்கும் டைல்ஸ். வண்ணமீன் கடைகளைப் பார்த்ததோடு சரி, என் பையனின் ஓட்டு அங்கேதான். ஆனால் ரயிலுக்கு வில்லிவாக்கமோ பெரம்பூரோ வந்தாக வேண்டும். மாதவரம் - சோழிங்கநல்லூர் மெட்ரோ ரெட்டேரி, கொளத்தூர் வழியாக வருகிறது, உண்மைதான். இன்னும் ஓடாத ரயிலுக்கு இன்றைக்கே டிக்கெட் காசு வாங்குவதுபோல் விலை சொல்கிறார்கள்.

சரி, பெரம்பூருக்கு வருகிறேன். முதலில் பார்த்தது ஒரு பழைய தனி வீடு. தெருவிலிருந்து இரண்டு படி கீழே இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். வாசலில் முழங்கால் உயரத்துக்கு ஒரு சிமென்ட் தடுப்பு. "குழந்தை தெருவுக்கு ஓடாம இருக்கத்தான் சார்" என்றார் வீட்டுக்காரர். நிமிர்ந்து பார்த்தால் கரண்ட் மீட்டர் என் தலைக்கு மேலே இருந்தது. குழந்தைக்குப் பயந்து மீட்டரை யாரும் அவ்வளவு உயரத்தில் மாட்ட மாட்டார்கள்.

அன்றைக்குத்தான் எங்கள் தேடலே மாறியது. வடசென்னை தட்டையான பூமி. பெய்கிற மழை ஓட்டேரி நல்லா என்கிற ஓடை, கேப்டன் காட்டன் கால்வாய் என்று சுற்றிப் பக்கிங்காம் கால்வாயில் விழுந்து கடலுக்குப் போக வேண்டும். கடல் ஏற்றத்தில் இருந்தால் அதுவும் தயங்கி நிற்கும். அப்போது தண்ணீர் எந்த வீட்டுக்குள் வரும் என்பதைச் சில அங்குலங்கள் முடிவு செய்துவிடும். பழைய ரோட்டைச் சுரண்டிவிட்டுத்தான் புதிது போட வேண்டும் என்று 2021-இல் அரசு சொன்னது. அதற்கு முன்பு எத்தனையோ வருடம் ரோட்டின் மேலேயே ரோடு போட்டு, கட்டும்போது மேட்டில் இருந்த வீடுகள் பள்ளத்துக்குப் போய்விட்டன. மழைத் தண்ணீரையாவது இறைத்துவிடலாம். தெருவில் பாதாளச் சாக்கடை நிரம்பினால் தாழ்ந்த வீட்டில் அது கழிவறை வழியாக எதிர்த்து ஏறும். தரைக்கடியில் சம்ப், அதாவது தண்ணீர்த் தொட்டி, இருந்தால் குடிக்கிற தண்ணீரும் போச்சு.

அதன்பிறகு நான் படுக்கையறை அளவைக் கேட்பதை விட்டுவிட்டுத் தெருவிலிருந்து எத்தனை படி ஏறுகிறோம் என்று எண்ண ஆரம்பித்தேன். மீட்டர் எந்த உயரம், சம்ப் மூடி எங்கே, மதில் சுவரில் பெயின்ட் எதுவரை ஊறியிருக்கிறது என்று பார்த்தேன். கொளத்தூர் எனக்குக் கைநழுவியது இந்த இடத்தில்தான். புதுக் கட்டடத்துச் சுவரில் பழைய மழையின் கறை இருக்காது. விற்பவர் சொல்வதை நம்ப வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து மளிகைக் கடையில் கேட்க வேண்டும். நான் கேட்ட இரண்டு கடைக்காரர்களும் சிரித்தார்கள். ஏரியை ஒட்டிய இடத்தில் அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் எனக்குப் புரிந்தது. கொளத்தூர் முழுக்க அப்படி என்று சொல்ல மாட்டேன், நான் பார்த்தது நாலைந்து தெருக்கள்தான்.

கடைசியில் எடுத்தது பெரம்பூரில் 22 வருடப் பழைய அடுக்ககத்தில் முதல் மாடி. லிஃப்ட் கிடையாது. தெருவிலிருந்து ஐந்து படி ஏறினால்தான் தரைத்தளம். 2015 வெள்ளத்தின் கறை மதில் சுவரில் இரண்டாம் படி உயரத்தில் மங்கலாகத் தெரிந்தது. அந்தக் கட்டடம் பரீட்சை எழுதிவிட்டது, மதிப்பெண்ணும் சுவரிலேயே இருந்தது. அப்புறம் ரயில். நேரம் பார்த்துப் போனால் ராயபுரம் வழியாக நேராக பீச் ஸ்டேஷன், அங்கிருந்து நடை.

குடிவந்த ஆறாவது மாதம், 2023 டிசம்பரில், மிக்ஜாம் புயல். தெருவில் முழங்கால் தண்ணீர், இரண்டு நாள் கரண்ட் இல்லை, என் ஸ்கூட்டர் மூழ்கியது. அதைப் பழுது பார்க்க ஆன செலவு கணக்கில் இல்லாதது. தண்ணீர் மூன்றாம் படியைத் தொட்டு நின்றது. கீழ்வீட்டுப் பாட்டி படியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

பழைய கட்டடம் என்பதால் மேல்தளத்தில் ஒழுகல் வேலை வந்துகொண்டே இருக்கிறது. பாகப்பங்கு நிலம், அதாவது கட்டடம் நிற்கும் மனையில் நம் வீட்டுக்கு வரும் பிரிக்கப்படாத பங்கு, புது ஃபிளாட்டுகளைவிட அதிகம் என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். திரும்ப விற்றால் என்ன கிடைக்கும் என்று நான் விற்றுப் பார்த்ததில்லை.

போன மாதம் எங்கள் தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள். சுரண்டத்தான் செய்தார்கள், ஆனால் பேருக்கு. மறுநாள் காலையில் டேப்பை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஏழு அங்குலமாக இருந்த முதல் படி இப்போது ஐந்தரை.