மலையகத்தில் ஒரு பழைய மாஸ்டா ரோட்ஸ்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

கூரையை மடக்கிவிட்டு ஓட்டக்கூடிய இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்களுள், இலங்கையில் பாவித்த நிலையில் ஓரளவேனும் வாங்கக் கிடைப்பதும், திருத்தித் திருத்திப் பல வருடம் வைத்திருக்கத் தக்கதும் மாஸ்டா எம்.எக்ஸ்-5 தான் என்பது என் உறுதியான எண்ணம். 1989 பெப்ரவரியில் சிக்காகோ மோட்டார் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்ட இந்தக் கார், ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர் என்ற பெயரில் விற்கப்பட்டது. 2016இல் பத்து இலட்சமாவது கார் தொழிற்சாலையை விட்டு வெளியேறியது என்பதிலிருந்தே உலகம் இதை எவ்வளவு விரும்பியது என்பது விளங்கும். 1998க்கு முன் வந்த முதல் தலைமுறைக் காரின் 1.6 லீற்றர் எஞ்சின், 120 குதிரைவலு, 940 கிலோகிராம் எடை, பின்சில்லுகளுக்குப் போகும் உந்துவிசை, ஐந்து கியர் ஆகிய இவையெல்லாம் சேர்ந்து, அட்டனிலிருந்து தலவாக்கலை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் பாதைக்கென்றே அளந்து செய்ததுபோல ஒரு காரைத் தந்திருக்கின்றன. வேகத்தை விடவும் வளைவில் அது திரும்பும் நேர்த்தியே இதன் பெருமை.

ஆனால் இந்தக் காருக்கு எதிரி மழை. அதுவும் நமது மலையகத்து மழை. வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பொனட்டைத் திறந்து எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, ஒரு சுற்று ஓட்டிவிட்டு விலை பேசுகிறார்கள். இந்தக் காரின் எஞ்சின் எளிதில் கெடாதது. கெட்டாலும் நல்ல கராஜில் திருத்தலாம். கூரையும் தகரமும் கெட்டுப் போனால் அவற்றைச் சீர்செய்வது காரின் விலையையே எட்டிவிடும். ஆகவே சோதனையை இருக்கைகளின் பின்புறத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்கிறேன்.

ஹூட்டின், அதாவது மடக்கும் துணிக்கூரையின், பின் ஓரம் காரின் உடலோடு சேரும் இடத்தில், இருக்கைகளுக்குப் பின்னால், குறுக்காக ஒரு பீலி ஓடுகிறது. கூரையில் விழும் நீர் இந்தப் பீலியில் இறங்கி, இரு பக்கமும் ஆசனப்பட்டித் தூணுக்கு அருகிலுள்ள துவாரத்தின் வழியே குழாய்க்குள் சென்று, பின்சில்லுக்குச் சற்று முன்னால் காரின் அடியில் நிலத்தில் விழ வேண்டும். தேயிலைத் தோட்டத்து நிழல்மரங்களின் சருகும், யூகலிப்டஸ் இலையும், பாதைத் தூசியும் சேர்ந்து அந்தத் துவாரத்தை அடைத்துவிட்டால், நீர் வழிந்து, கதவுக்குக் கீழே முன்சில்லுக்கும் பின்சில்லுக்கும் இடையில் ஓடும் பெட்டி வடிவத் தகரத்துக்குள் புகுந்துவிடும். திறந்த காரில் கூரைக்குப் பதிலாகப் பாரத்தைத் தாங்குவது இந்தக் கதவடித் தகரமே. அது உள்ளிருந்து கறள் பிடித்தால் வெளியில் கொப்புளம் தெரிவதற்கு முன்பே பலம் போய்விடும். மே முதல் செப்தெம்பர் வரை தென்மேல் பருவ மழையை நேராக வாங்கும் வட்டவளை, கினிகத்தேனை, அட்டன் பக்கங்களில் வெளியில் நிறுத்திப் பாவித்த காரை இந்த ஒன்றுக்காகவே சந்தேகத்தோடு பார்க்க வேண்டும். ஊவாப் பக்கம், பண்டாரவளையில் இருந்த காருக்கு அந்த மாதங்களில் இவ்வளவு நனைதல் கிடையாது. எனினும் வருட இறுதியில் வரும் வடகீழ்ப் பருவ மழை அங்கும் உண்டு.

இதைப் பரீட்சிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒரு போத்தல் தண்ணீரை ஹூட்டின் பின் மூலையில் மெதுவாக ஊற்றிவிட்டு, குனிந்து பின்சில்லுக்கு முன்னால் பார்க்க வேண்டும். ஊற்றிய நீர் தாமதமின்றி அடியில் விழுந்தால் வடிகால் திறந்திருக்கிறது. துளித்துளியாக வந்தாலோ, எதுவும் வராமல் இருக்கைக்குப் பின்னுள்ள கம்பளம் நனைந்தாலோ, அந்த நீர் இதுவரை எங்கே போய்க்கொண்டிருந்தது என்பதை விற்பவரிடம் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. பின்னர் இரு பக்கமும் கதவடித் தகரத்தின் பின் முனையை, பின்சில்லு வளைவோடு அது சேரும் இடத்தில், விரலால் அழுத்தித் தட்டிப் பார்க்க வேண்டும். கெட்டியான ஒலி வர வேண்டும். மந்தமான ஒலி வந்தால் உள்ளே பட்டி, அதாவது கறளையும் நசுங்கலையும் மறைக்கப் பூசும் பசை, இருக்கிறது.

அட்டன் பக்கம் ஒரு விற்பனையாளர் காட்டிய ரோட்ஸ்டரின் அடிப்புறம் முழுவதும் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடிக்கப்பட்டிருந்தது. பாதுகாப்புக்காக அடித்ததாக அவர் சொன்னார். ஆனால் கதவடித் தகரத்தின் கீழ் ஓரத்தில் நீர் வெளியேறுவதற்கென்று தொழிற்சாலை விட்டிருந்த வெட்டுகளையும் அந்தப் பூச்சு மூடியிருந்தது. உள்ளே வந்த நீர் வெளியே போக வழியில்லாதபடி காரை அடைத்துவிட்டு, அதையே நல்ல பராமரிப்பு என்று விற்க முற்படுவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அடிப்புறத்தில் புதுப்பூச்சு கண்டால் சுரண்டிப் பார்க்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

காந்தம் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துச் செல்வது நல்லது. ஆயினும் ஒரு விபரத்தை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்: முதல் தலைமுறைக் காரின் பொனட் அலுமினியத்தால் ஆனது; அதில் காந்தம் ஒட்டாது. அதைப் பார்த்துப் பட்டி என்று பயப்பட வேண்டியதில்லை. மாறாக, காந்தம் பொனட்டில் பிடித்தால்தான் அது மாற்றப்பட்டிருக்கிறது. ஏன் மாற்றினார்கள் என்று விசாரிக்க வேண்டும். முன் மட்கார்டுகளைப் பிடித்திருக்கும் ஆணிகளின் தலையில் பெயின்ட் உடைந்திருக்கிறதா, இரு பக்கக் கதவு இடைவெளியும் ஒத்திருக்கிறதா என்பதும் விபத்தைக் காட்டிக்கொடுக்கும். டிக்கிக்குள் வலப்பக்கத்தில் பற்றரி இருக்கிறது. அதற்கெனத் தனியே அமைக்கப்பட்ட பற்றரியில் வாயு வெளியேறக் குழாய் உண்டு. பணத்தை மிச்சப்படுத்தச் சாதாரணப் பற்றரியைக் குழாயில்லாமல் வைத்திருந்தால், அமிலம் பட்டுச் சுற்றியுள்ள தகரம் அரிக்கப்பட்டிருக்கும். கம்பளத்தைத் தூக்கிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

ஹூட்டைப் பல முறை திறந்து மூடச் சொல்லிப் பார்க்க வேண்டும். இதன் பின் ஜன்னல் பிளாஸ்டிக்கால் ஆனது. மடக்குவதற்கு முன் அதன் சிப்பைத் திறந்து ஜன்னலைத் தட்டையாகக் கிடத்த வேண்டும் என்பதை அறியாதவர் பாவித்திருந்தால், குறுக்கே வெண்மையான மடிப்புக் கோடு விழுந்திருக்கும். நானுஓயாவில் மூடுபனி இறங்கும் வேளையில் மங்கிப்போன பின் ஜன்னலோடு ஓட்டுவது ஆபத்தானது. இதை அழகுக்குறை என்று மட்டும் எண்ணி விட்டுவிடக் கூடாது. முன் கண்ணாடியின் மேல் ஓரத்தில் இரண்டு கொக்கிகளும் சம இறுக்கத்தோடு பூட்ட வேண்டும். கதவுக் கண்ணாடியும் றப்பரும் சேரும் இடத்தில் தண்ணீரை ஊற்றி, உள்ளே அமர்ந்து பார்ப்பது இன்னும் உத்தமம். 2017இல் மாஸ்டா நிறுவனம் முதல் தலைமுறை ரோட்ஸ்டர்களைப் புதுப்பிக்கும் திட்டத்தை ஜப்பானில் அறிவித்து, ஹூட் உட்படச் சில பாகங்களை மீண்டும் தயாரிக்கத் தொடங்கியது. ஆகவே கிழிந்த ஹூட்டுக்கு வழியுண்டு, ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்தே பேச வேண்டும்.

இனி எஞ்சின். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கு காற்றழுத்தம் கடற்கரையை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் தன் வலுவில் கிட்டத்தட்ட அந்த அளவை அங்கே இழக்கும். கொழும்பில் ஓட்டிப் பழகியவர் நுவரெலியாவில் இந்தக் காரைப் பரீட்சித்து, எஞ்சின் சோர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவது தவறு. அதே உயரத்தில் தண்ணீர் 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதிக்கும் என்பதால், ரேடியேட்டர் மூடி அழுத்தத்தைத் தாங்குகிறதா என்பது இங்கே கூடுதல் முக்கியம் பெறுகிறது. பழைய ரேடியேட்டரின் மேற்பகுதிப் பிளாஸ்டிக் கறுப்பு நிறத்திலிருந்து பழுப்பாக மாறியிருந்தால், அது வெடிக்கும் நாள் தூரத்தில் இல்லை. மாற்றியே ஆக வேண்டும்.

குளிர்ந்த எஞ்சினை உங்கள் முன்னால் ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். மேற்பகுதியில் டிக் டிக் என்ற ஒலி கேட்கலாம். சூடான பின் அடங்கினால் அது பழைய எண்ணெயின் குறையே, பெரிய கவலை இல்லை. 1989 முதல் 1991 வரையான கார்களின் கிராங்க் தண்டின் முன் முனை பலம் குறைந்தது; எஞ்சின் நின்ற இடத்தில் ஓடும்போது கீழ்ப் புல்லி ஆடினால், அதற்கு விலை எதுவும் பொருந்தாது. வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒரு முறை மாற்றப்பட வேண்டியது. 1.6 எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளா என்பது ஆறுதல்; ஆனால் றம்பொடை ஏற்றத்தில் இரவில் நின்றுபோவது யாருக்கும் உகந்ததல்ல.

ஓட்டிப் பார்ப்பது ஏற்றத்தில் ஒரு முறை, இறக்கத்தில் ஒரு முறை என இரண்டாக இருக்க வேண்டும். சமதரையில் ஒரு கடைவீதியைச் சுற்றிவருவது சோதனையே ஆகாது. ஏற்றத்தில் மூன்றாம் கியரில் அக்சிலரேட்டரை முழுவதும் மிதித்தால், எஞ்சின் வேகம் மட்டும் ஏறி கார் முன்னேறாவிட்டால் கிளட்ச் தேய்ந்துவிட்டது. காலைக் குளிரில் இரண்டாம் கியர் சற்று முரண்டு பிடிப்பது இந்தக் காரின் இயல்பு. சூடேறிய பின்னும் உரசும் சத்தம் வந்தால் உள்ளே தேய்வு இருக்கிறது. ஏற்றத்தின் நடுவே நிறுத்தி, கைப்பிரேக்கை மட்டும் போட்டுக் காலை எடுத்துப் பாருங்கள். பின்பிரேக்கின் பொறி இறுகிப் போவது இந்த மொடலில் அடிக்கடி காணும் குறை. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் வளைந்திருக்கலாம். கூரையைத் திறந்து பள்ளமான பாதையில் மெதுவாகச் செல்லும்போது முன் கண்ணாடிச் சட்டம் கொஞ்சம் அதிர்வது திறந்த கார் எதற்கும் உள்ளதே. கதவுகள் பூட்டுமிடத்தில் கிறீச்சிடும் அளவுக்கு உடல் முறுகினால் மீண்டும் கதவடித் தகரத்திடம் போக வேண்டும். தலைவிளக்குகள் இரண்டும் ஒன்றாக எழுந்து ஒன்றாகத் தாழ்கின்றனவா என்பதையும் மறக்காமல் பாருங்கள்.

பத்திரங்களுக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. முதல் தலைமுறை 1.6 காரின் சேஸி இலக்கம் என்.ஏ.6.சி.ஈ என்று தொடங்கி, எஞ்சின் அறையின் பின்சுவரில் பொறிக்கப்பட்டிருக்கும். பதிவுச் சான்றிதழோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். லீசிங் கடன் தீர்ந்து நிதி நிறுவனத்தின் பெயர் நீக்கப்பட்டிருக்க வேண்டும். பல கை மாறி, பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவங்களோடு வரும் காரை நான் தொடமாட்டேன். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீளத் திறந்தது. இடைப்பட்ட காலத்தில் பாவித்த கார்களின் விலை ஏறியதைச் சாட்டாக வைத்து, பழுதான காருக்கும் நல்ல காரின் விலை கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

1998 முதல் 2005 வரை வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் பின்புற ஜன்னல் கண்ணாடியால் ஆனது. பனி படிந்தால் சூடாக்கித் தெளிவாக்கும் வசதியும் உண்டு. முன்பக்கச் சேஸித் தண்டுகளில் கறள் பிடிப்பது அதன் தனிக்குறை. காரைத் தூக்கி அடியில் பார்க்காமல் அது தெரியாது. தினமும் மலைப்பாதையில் ஓட வேண்டியவருக்கு, அந்தத் தண்டுகள் நன்றாக இருந்தால், இரண்டாம் தலைமுறையையே பரிந்துரைப்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் எடுத்து ஓட்டி, மற்ற நாட்களில் கூரையுள்ள இடத்தில் நிறுத்தக்கூடியவர் முதல் தலைமுறையை வாங்கலாம். கன்வஸ் உறையை மட்டும் நம்பி மழையில் நிறுத்தப் போகிறவர் இரண்டையும் வாங்க வேண்டாம். உறைக்கு உள்ளே தங்கும் ஈரம் காயாது. நாலு தூணும் தகரக் கூரையும் பக்கங்களில் காற்றோட்டமும் உள்ள ஒரு சிறு கொட்டகை இந்தக் காருக்குப் போதும். அதற்கான செலவையும் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.