எஸ்எஸ்டி போட்ட பழைய லேப்டாப்: வேகம் வந்தது, பஞ்சு போகவில்லை

"கடையில எஸ்எஸ்டி மாத்தச் சொல்றாங்க, மாத்துனா தேறுமா?" என்று எங்கள் தெரு நண்பர் தன் பழைய லேப்டாப்பைப் பற்றிக் கேட்டார். எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சிப்பில் சேமிக்கும் டிஸ்க். அவருடையதும் என்னுடையதும் கிட்டத்தட்ட ஒரே ஜாதகம். 2018-ல் வாங்கியது, இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 1 டிபி ஹார்ட் டிஸ்க். அந்த வருடங்களில் பட்ஜெட் பார்த்து வீட்டுக்கு லேப்டாப் வாங்கிய பலரிடமும் இதுதான் இருக்கும். நான் எஸ்எஸ்டி மாற்றி வருடக்கணக்கில் ஓட்டிவிட்டேன். தேறும் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நாங்கள் இருப்பது சேலம் அம்மாப்பேட்டைப் பக்கம், வீட்டுக்கு இந்தப் பக்கமும் தறி, அந்தப் பக்கமும் தறி. அதனால் பதில் நீளமாகிறது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றுவதற்கு முன்பு, விண்டோஸில் எந்தப் பாகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் என்ற கட்டம் 100% என்று நிற்கும். பக்கத்திலேயே பிராசஸர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். நிமிடத்துக்கு 5400 முறை சுற்றும் தட்டின் மேல் ஒரு முனை அங்கும் இங்கும் நகர்ந்து படிப்பதுதான் ஹார்ட் டிஸ்க். ஒவ்வொரு நகர்வுக்கும் பத்து மில்லி விநாடிக்கு மேல் ஆகும். கேட்க அற்பமாக இருக்கிறது, ஆனால் விண்டோஸ் 10 எழுந்திருக்கும்போது ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்புகளைக் கேட்கிறது. அதே நேரத்தில் அப்டேட் ஒரு பக்கம் இழுக்கும், ஆன்டிவைரஸ் ஒரு பக்கம் இழுக்கும், தேடலுக்கான இண்டெக்ஸ் வேலை ஒரு பக்கம் ஓடும். அந்த முனை பாவம், எத்தனை பக்கம்தான் ஓடும்?

எஸ்எஸ்டியில் நகர ஒன்றுமே இல்லை. பெட்டி மேல் விநாடிக்கு 500 எம்பி என்று அச்சடித்திருப்பார்கள். அது பெரிய வீடியோவை நகலெடுக்கும்போது கிடைக்கும் வேகம். வீட்டில் நாம் உணரும் மாற்றம் அந்தச் சின்னக் கோப்புகளால் வருவது. ஆகவே சாட்டாவா, என்விஎம்இ-யா (எஸ்எஸ்டி லேப்டாப்போடு இணையும் இரண்டு விதங்கள்) என்று நண்பர் மண்டையைக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. அவர் லேப்டாப்பில் 2.5 அங்குல சாட்டா இடம் இருக்கிறது, அதற்கு ஒரு சாதாரண எஸ்எஸ்டி போதும்.

எனக்குக் கிடைத்த நிம்மதி பெரியது. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி என்று ஜிஎஸ்டி கணக்குத் தாக்கலிலேயே மாதம் ஓடுகிற வீடு இது. டேலி என்ற கணக்கு மென்பொருளைத் திறந்து வைத்துக்கொண்டு, பிரவுசரில் நாலு தாவல் போட்டு, நடுவில் பையனுக்கு ஒரு பிடிஎஃப் பிரிண்ட் எடுத்துக் கொடுப்பது பழைய டிஸ்க்கில் நடக்காத காரியம். ஒன்றை மூடித்தான் இன்னொன்று. இப்போது எல்லாம் திறந்தபடியே கிடக்கின்றன. எஸ்எஸ்டி போட்டதும் லேப்டாப் சத்தமே இல்லாமல் ஆகிவிட்டது என்று பலர் பூரித்து எழுதுவதைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் அந்தச் சுகம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காதில் விழும்.

ரேமையும் 8 ஜிபி ஆக்கினேன். நான் வாங்கிய விலையை நண்பரிடம் சொல்லவில்லை. 2025 கடைசியில் மெமரி விலை எகிறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போவதால் நம் மாதிரி ஆட்களுக்கு மிச்சம் மீதிதான். எஸ்எஸ்டி விலையிலும் அந்தச் சூடு தெரிகிறது. எனவே இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு என்றால் எஸ்எஸ்டிக்குப் போடலாம். ரேம் வாங்குவதாக இருந்தால் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், அதில் மெமரி என்று போய், எத்தனை ஸ்லாட், எத்தனை நிரம்பியிருக்கிறது என்று பார்த்துவிட்டுக் கடைக்குப் போக வேண்டும். சில மாடல்களில் 4 ஜிபியைப் போர்டிலேயே சால்டர் செய்திருப்பார்கள், மிச்சம் ஒரு ஸ்லாட்தான் இருக்கும்.

பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடவில்லை. டிவிடி டிரைவ் இருந்த இடத்தில், டிஸ்க்கைப் பிடித்து வைக்கும் கேடி என்ற சட்டம் ஒன்றை வாங்கிச் செருகி, கல்யாண போட்டோவெல்லாம் அதில் கிடக்கிறது. கேடி 9.5 மில்லிமீட்டர், 12.7 மில்லிமீட்டர் என்று இரண்டு தடிமனில் வரும், அளந்து வாங்க வேண்டும். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் லைசென்ஸ் போய்விடுமோ என்று பயப்படவும் வேண்டாம். அது மதர்போர்டோடு கட்டுப்பட்டது. டிஸ்க் மாறினாலும் இணையம் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆகிக்கொள்ளும்.

சரி, இனி வயிற்றெரிச்சல்.

எஸ்எஸ்டி போட்டுச் சில மாதங்களில் லேப்டாப் மறுபடி முனக ஆரம்பித்தது. ஆன் ஆவது வேகமாகத்தான் ஆகும். அரை மணி நேரம் போனால் மவுஸ் அம்பு கூட விட்டு விட்டு நகரும். பையனுடைய வீடியோ வகுப்பில் ஆசிரியர் குரல் ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம். டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 2%, 3%. அதைக் குறை சொல்ல வழியில்லை. ஆனால் பிராசஸர் 100%. அதற்குக் கீழே பொடி எழுத்தில் வேகம் என்று ஒன்று இருக்கும், பலர் அதைக் கவனிப்பதில்லை. 2.3 ஜிகாஹெர்ட்ஸ் காட்ட வேண்டிய இடத்தில் ஒன்றுக்கும் கீழே காட்டியது.

கடையில் கேட்டால் வைரஸ் என்றார்கள். தெரிந்தவர்கள் ஃபார்மட் அடி என்றார்கள். விடை கிடைத்தது ஏற்காட்டில். சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போனபோது 20-ஆம் தேதி குறுக்கே வந்ததால் லேப்டாப்பையும் தூக்கிக்கொண்டு போயிருந்தேன். அங்கே நாள் முழுக்கச் சொன்ன பேச்சைக் கேட்டு ஓடியது. அதே விண்டோஸ், அதே டேலி. மாறியது காற்று மட்டும்தான். ஏற்காடு கிட்டத்தட்ட 1500 மீட்டர் உயரம், கீழே சேலம் கொதிக்கும்போதும் அங்கே இதமாக இருக்கும். மலை இறங்கி வீட்டுக்கு வந்து போட்டேன், பழைய முனகல்.

டாஸ்க் மேனேஜர் பிராசஸரின் சூட்டைக் காட்டாது. கோர் டெம்ப் என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தால் 95 டிகிரிக்கு மேல். இந்த ரகப் பிராசஸருக்கு எல்லை 100 டிகிரி. அதை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். குறைந்த வேகத்தில் சின்ன வேலை கூட 100% ஆகித் தெரியும். வைரஸும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை.

ஐந்து ரோடு பக்கம் ஒரு சர்வீஸ் தம்பியிடம் கொண்டுபோய்த் திறந்தோம். லேப்டாப் ஃபேன் அடியிலிருந்து காற்றை இழுத்து, நெருக்கமாக அடுக்கிய மெல்லிய உலோகத் தகடுகள் வழியாகப் பக்கவாட்டில் தள்ளும். சாதாரண வீட்டுத் தூசியில் ஓரளவாவது அந்தத் தகடுகளின் இடுக்கில் புகுந்து வெளியே போய்விடும். தறிப் பஞ்சு போகாது. இழை இழையாக வந்து தகட்டின் உட்பக்கத்தில் மாட்டும், அதன் மேல் அடுத்தது மாட்டும். எனக்கு வந்தது தூசியே இல்லை, சாம்பல் நிறத்தில் ஒரு துண்டுத் துணி. ஓரத்தைப் பிடித்து இழுத்தால் முழுசாக உரிந்து வந்தது. "அண்ணா, இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா ஒரு தலகாணி தைச்சிருக்கலாம்" என்றான் தம்பி.

உரித்துவிட்டு, பிராசஸரின் சூட்டை உலோகத்துக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் புதிதாகப் போட்டு மாட்டியதும் சூடு 70-க்கு இறங்கியது. எஸ்எஸ்டி போட்ட முதல் வாரத்தில் எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிட்டது.

இங்கேதான் எனக்கு ஆறவே இல்லை. இந்த ஃபேனை எட்டிப் பிடிக்க என்ன செய்ய வேண்டும் தெரியுமா? அடியில் ஒரு சின்னக் கதவு இருக்கிறது. அதைத் திறந்தால் டிஸ்க்கும் ரேமும் வரும், ஃபேன் வராது. ஃபேனுக்கு அடிப் பக்க ஸ்குரூ எல்லாவற்றையும் கழற்றி, கீபோர்டைத் தூக்கி, ரிப்பன் கேபிள்களைப் பிரித்து, மேல் மூடியை நெம்பி எடுத்து, மதர்போர்டையே கழற்றித் திருப்ப வேண்டும். அப்புறம் பிராசஸர் மேல் உட்கார்ந்து சூட்டை வாங்கும் ஹீட் சிங்க்கைத் தூக்கியதால் பேஸ்ட்டும் புதிதாகப் போட வேண்டும். வருடத்துக்கு ஒரு முறை தொடவேண்டிய சாமானை வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை? நூல் தூசி பறக்கும் ஊர்கள் இந்த நாட்டில் எத்தனை இருக்கின்றன! ஈரோடு, திருப்பூர், குமாரபாளையம், பள்ளிபாளையம் என்று நம் பக்கமே வரிசையாக இருக்கிறது. இதை வரைந்தவர் ஒரு நாள் ஒரு தறிக்கூடத்தில் உட்கார்ந்து டைப் அடித்திருந்தால் இப்படி வரைந்திருக்க மாட்டார்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கீபோர்டில் ஒரு எழுத்து கூட இன்னும் அழியவில்லை. பையன் தூக்கிப் போட்டும் கீல் உடையவில்லை. திரை பார்க்கச் சுமார்தான், ஆனால் ஒரு கோடு விழுந்ததில்லை. அந்தக் கீபோர்டை நினைத்தால் கோபம் பாதி இறங்குகிறது. பேஸ்ட் வாங்கப் போகும்போது மறுபடி ஏறிவிடுகிறது.

வெளியிலிருந்து ப்ளோயர் அடித்தால் போதாதா என்று நண்பர் கேட்டார். துணி ஆவதற்கு முன்பு அடித்தால் கொஞ்சம் பலன் உண்டு. ஆன பிறகு அடித்தால் அது ஃபேன் பக்கம் தள்ளப்பட்டு, காற்று நின்றதும் பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்துகொள்ளும். எப்படி அடித்தாலும் ஃபேன் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்று வேகத்தில் அது கண்டபடி சுழன்றால் பேரிங் கெடும்.

எதிர்பாராமல் பலித்த ஒன்று உண்டு, எங்கள் அம்மாவின் யோசனை. ஃபேன் காற்று இழுக்கும் அடிப் பக்க ஓட்டைகள் மேல் கொசுவலைத் துணியை வெட்டி ஒட்டச் சொன்னார். காற்று குறையுமே என்று நான் தயங்கினேன். குறையத்தான் செய்கிறது, சூடு இரண்டு மூன்று டிகிரி ஏறுகிறது. ஆனால் பஞ்சு உள்ளே போகாமல் வலையிலேயே படிந்துவிடுகிறது, கையால் வழித்தால் வந்துவிடும். வழிக்க ஆள் வேண்டும் என்பதுதான் இதில் சிக்கல். வாரம் தவறினால் வலையே அடைத்துக்கொண்டு, இல்லாததை விட மோசமாகிவிடும். எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை பூஜைச் சாமான் துலக்கும் கையோடு அம்மா லேப்டாப்பையும் கவிழ்த்துத் துடைத்துவிடுகிறார். இந்த வசதி எல்லா வீட்டிலும் இருக்காது.

மென்பொருள் பக்கம் சொல்ல அதிகம் இல்லை. ஸ்டார்ட்அப் பட்டியலில் தேவையில்லாததை அணைத்தேன், லேப்டாப்போடு வந்த சோதனை ஆன்டிவைரஸை நீக்கினேன். ஒரே அழுத்தில் வேகமாக்கித் தருகிறேன் என்று வரும் கிளீனர் மென்பொருள்கள் தாங்களே பின்னணியில் உட்கார்ந்து ரேமைத் தின்பவை.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 11-க்கான அதிகாரபூர்வப் பட்டியல் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது, எங்கள் இருவருடையதும் ஒரு படி கீழே நிற்கிறது. நீட்டித்த பாதுகாப்பு அப்டேட்டில் பதிவு செய்து ஒரு வருடம் ஓட்டிக்கொள்ளும் ஏற்பாட்டில் நான் இருக்கிறேன். டேலி போல விண்டோஸ் தேவைப்படும் மென்பொருள் இல்லாதவர்கள், விண்டோஸுக்குப் பதிலான இலவச இயங்குதளம் லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம், இந்த இயந்திரத்துக்கு அது பாந்தமாகப் பொருந்தும்.

இவ்வளவு புகழ்ந்த பிறகு தீர்ப்பு என்று கேட்டால், தறி ஓடும் வீட்டுக்கு லேப்டாப்பே ஆகாது. ஆபீஸில் ஓடிக் கழித்த எட்டாம் தலைமுறை டெஸ்க்டாப் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கினால், விண்டோஸ் 11-ம் ஓடும், பக்கத்து மூடியைக் கழற்றி வாசலில் வைத்து ப்ளோயர் அடித்தால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கரண்ட் போனால் யுபிஎஸ் வேண்டும் என்கிறார் மனைவி. வாங்கிக்கொள்ளலாம்.

நண்பருக்கு இது பொருந்தாது. அவர் மகள் விடுதியில் தங்கிப் படிக்கிறாள், லேப்டாப் அங்கேதான் இருக்கப் போகிறது, அங்கே பஞ்சும் இல்லை. அதனால் எஸ்எஸ்டி போடச் சொல்லிவிட்டேன். ஆனால் போடும் அன்றைக்கே, அந்தக் கடையிலேயே, ஃபேனையும் திறந்து காட்டச் சொல்லிக் கேட்கச் சொன்னேன். இத்தனை வருடம் நம் தெருவில் இருந்த லேப்டாப், உள்ளே என்ன நெய்து வைத்திருக்கிறதோ. அதற்குத் தனியாகச் சர்வீஸ் காசு கேட்பார்கள். பேரம் பேசாமல் கொடுத்துவிட வேண்டியதுதான்.