சோலார் வேலி: மட்டக்குதிரைக்கு நிம்மதி

எங்கள் மார்வாரி இனப் பெண் குதிரை மட்டக்குதிரையைத் தீவனத்தின் பக்கமே விடாது. காதைப் பின்னுக்குச் சாய்த்து, மூலையில் நெருக்கி உதைக்கும். சின்னவன், அதாவது மட்டக்குதிரையின், பிட்டத்தில் பல் பட்ட இடத்தில் முடியே போய்விட்டது. பார்க்கவே மனசு தாங்கவில்லை.

அப்புறம்தான் வெயிலில் சார்ஜ் ஆகி வேலிக்கு ஷாக் கொடுக்கும் சோலார் வேலி மெஷினும், அந்த ஷாக் பாயும் 40 மில்லிமீட்டர் அகல வெள்ளை நாடாவும் வாங்கினேன். மெல்லிய கம்பியைவிட நாடாதான் நல்லது. ஓடிவரும் குதிரைக்குத் தூரத்திலேயே தெரியும். 2 வாரம் இரண்டும் நாடாவின் இருபுறமும் நின்று பழகின. இப்போது ஒன்றாக மேய்கின்றன. மூலைகளை நாடாவால் வளைத்து மறைத்துவிட்டேன், சின்னவன் சிக்குவதில்லை. காய்ந்த புல்லை 3 குவியலாகத் தள்ளித்தள்ளி வைக்கிறேன். ஒன்றில் விரட்டினால் அடுத்ததற்குப் போய்விடுகிறான்.

ஒரே குறை: மழையில் வளர்ந்த புல் நாடாவில் உரசினால் ஷாக் குறைகிறது. வாரம் ஒருமுறை அடியில் அறுத்துவிடுங்கள்.