எம்.ஏ. ஆங்கிலம்: உள்ளூர்க் கல்லூரியா, இக்னோவா, மத்தியப் பல்கலைக்கழகமா?

பி.ஏ. ஆங்கிலம் முடித்தவர்கள் முன்னால் பெரும்பாலும் மூன்று வழிகள் இருக்கின்றன. படித்த கல்லூரியிலோ பக்கத்து ஊரிலோ எம்.ஏ. சேரலாம். வேலைக்குப் போய்க்கொண்டே, தொலைநிலையில் பாடம் நடத்தும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவில் படிக்கலாம். நுழைவுத்தேர்வு எழுதித் திருவாரூர், புதுச்சேரி, ஐதராபாத் என்று ஏதாவதொரு மத்தியப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். கட்டணம், விடுதி, பஸ் வசதி எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்க்கிறார்கள். அந்த இரண்டு வருடத்தில் நமக்கு என்ன வந்து சேரும் என்று மட்டும் யாரும் அவ்வளவாகக் கேட்பதில்லை.

காகிதத்தில் மூன்றும் ஒன்றுதான். அங்கீகாரம் பெற்ற தொலைநிலைப் பட்டம் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி 2022-இல் அறிவித்துவிட்டது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் எழுத முதுகலையில் 55 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. எங்கே படித்தாலும் அதேதான். பாடமும் தலைகீழாக மாறிவிடாது. சாசர், ஷேக்ஸ்பியர், மில்டன், ரொமான்டிக் கவிஞர்கள், அப்புறம் எல்லோரும் பயப்படும் தியரி (இலக்கியக் கோட்பாடு) பேப்பர். அதை நடத்துகிற விதத்தில்தான் வித்தியாசம்.

ஒரே கவிதையை மூன்று இடத்திலும் வைத்துப் பார்ப்போம். இலையுதிர் காலத்தைப் பற்றி ஆங்கிலக் கவிஞர் கீட்ஸ் 1819 செப்டம்பரில் எழுதிய 33 வரிக் கவிதை.

உள்ளூர்க் கல்லூரிகள் பலவற்றில் ஆசிரியர் இதை வரிவரியாகத் தமிழில் அர்த்தம் சொல்லி நடத்துவார். தேர்வுக்குக் கைடில் ‘கீட்ஸின் சென்சுவஸ்நெஸ்’ என்று ஒரு கட்டுரை தயாராக இருக்கும். பழுத்துத் தொங்கும் ஆப்பிள் கண்ணுக்கு, பாப்பிப் பூவின் மயக்கம் மூக்குக்கு, ராபின் பறவையின் சீட்டி காதுக்கு என்று புலன்வாரியாகப் பிரித்து நான்கு பக்கம் எழுதினால் மார்க் வந்துவிடும். இதை இளக்காரமாகச் சொல்லவில்லை. பிளஸ் டூ வரை தமிழ்வழியில் படித்து வந்த ஒருவருக்கு, பக்கத்தில் நின்று வரிவரியாக அர்த்தம் சொல்ல ஆள் இருப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் பல வகுப்புகள் அந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன.

மத்தியப் பல்கலைக்கழகத்தில் செமினார் நன்றாக நடந்தால் பேச்சு வேறு பக்கம் போகும். தன் மற்ற கவிதைகளில் தன் நெஞ்சு வலியைப் பற்றியெல்லாம் பேசுகிற கீட்ஸ், இந்த 33 வரியில் ஒரு இடத்தில்கூட ‘நான்’ என்று சொல்லவில்லையே, ஏன்? அறுவடை முடிந்த வயலில் சிந்திய கதிரைப் பொறுக்கும் ஏழையைப் போல இலையுதிர் காலம் நடந்து போகிறது. அப்படிப் பொறுக்க ஏழைகளுக்குச் சட்டப்படி உரிமை கிடையாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் 1788-லேயே தீர்ப்புச் சொல்லியிருந்தது. கவிதைக்கு ஒரு மாதம் முன்பு, ஆகஸ்ட் 16 அன்று, மான்செஸ்டரில் வாக்குரிமை கேட்டுக் கூடிய கூட்டத்துக்குள் குதிரைப்படை புகுந்து பலர் செத்தார்கள். அந்தக் கூட்டத்தில் பேச வந்து கைதான ஹென்றி ஹன்ட் பிறகு லண்டனுக்கு வந்தபோது தெருவில் திரண்ட ஜனத்தைக் கீட்ஸே பார்த்திருக்கிறார். அப்படியானால் இந்த அமைதியான கவிதை அதையெல்லாம் மறைக்கிறதா, ஓரமாகத் தொட்டுப் போகிறதா, அல்லது அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையா? ஆய்வாளர்களே இன்னும் அடித்துக்கொள்ளும் விஷயம் இது.

மாணவர் இவற்றில் ஒரு தரப்பை எடுத்துக்கொண்டு ஐந்து பக்கம் எழுதித் தருவார். ‘இதற்குக் கவிதையில் ஆதாரம் எந்த வரி?’ என்று ஓரத்தில் எழுதித் தாள் திரும்பி வரும். எம்.ஏ.யில் கிடைக்கக்கூடியதிலேயே உருப்படியானது அதுதான் என்பது என் கட்சி. தன் வாசிப்பைத் தானே நிரூபிக்க வேண்டிய கட்டாயம் வேறெங்கும் அவ்வளவு சுலபத்தில் வாய்க்காது. சென்னையில் வெளிநாட்டு ஆய்விதழ்களுக்குப் பிரதி திருத்தும் நிறுவனங்களில் வேலைக்குப் போனாலும், மொழிபெயர்ப்புக்குப் போனாலும் இந்தப் பழக்கம்தான் சோறு போடும்.

இக்னோவின் பலம் புத்தகம். அவர்கள் பாடநூல்கள் இஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. நெட்டுக்குத் தயாராகும் ரெகுலர் மாணவர்களும் சத்தமில்லாமல் அதைத்தான் படிக்கிறார்கள். குறைந்தது 2 வருடம், அதிகபட்சம் 4 வருடத்தில் முடிக்கலாம். பள்ளியில் வேலை பார்ப்பவருக்கும், கைக்குழந்தையோடு வீட்டில் இருப்பவருக்கும் இதைவிட நல்ல வழி இல்லை. குறை என்னவென்றால், எதிரே உட்கார்ந்து மறுத்துப் பேச ஆள் கிடையாது. மொத்த மதிப்பெண்ணில் 30 சதவீதம் அசைன்மென்டுக்கு என்றாலும், பலருக்கு அது வெறும் மதிப்பெண்ணாகவே முடிந்துவிடுகிறது. எழுதி முடித்த அசைன்மென்ட் காசுக்குக் கிடைக்கிற காலம் வேறு. கீட்ஸைப் பற்றி நல்ல பாடம் ஒன்றைப் படித்திருப்பீர்கள். கீட்ஸைப் பற்றி நீங்கள் நினைத்ததை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

நெட் மட்டும்தான் குறி என்றால் என் கட்சி கொஞ்சம் ஆட்டம் காணும். 3 மணி நேரத்தில் 150 கொள்குறிக் கேள்விகள், அதில் 100 பாடத்திலிருந்து. எது முதலில் வெளிவந்தது, எவருக்கு எது பொருந்தும் என்ற ரகம்தான் அதிகம். செமினார் பேச்சு அங்கே எடுபடாது. நெட்டில் நல்ல மதிப்பெண் எடுத்தால் கிடைக்கும் ஆய்வு உதவித்தொகையான ஜேஆர்எஃப், மாதம் 37,000 ரூபாய், வேண்டுமென்றால் இக்னோ புத்தகமும் பழைய கேள்வித்தாளும் போதும். அதை வாங்கிக்கொண்டு பிஎச்.டி.யில் உட்காரும்போதுதான் முதல் அத்தியாயம் எழுத வராமல் திணறுவார்கள்.

அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியராக நினைப்பவர்களுக்கு இந்த அலசலே அதிகம். எம்.ஏ.வோடு பி.எட். கட்டாயம், அது தனியாக 2 வருடம். பி.எட். முடித்து வேலை பார்த்துக்கொண்டே இக்னோவில் எம்.ஏ. எழுதுவதுதான் கையைக் கடிக்காத வழி.

மற்றவர்கள், வீட்டில் விட்டால், வெளியூர் போங்கள். விடமாட்டார்கள் என்றால் உள்ளூரிலேயே கல்லூரி தேடும்போது கட்டடத்தையும் தேர்ச்சி விகிதத்தையும் பார்த்து மயங்காமல், இரண்டாம் வருட மாணவர் ஒருவரைப் பிடித்து, திருத்திய அசைன்மென்டைக் காட்டச் சொல்லுங்கள். மதிப்பெண்ணைத் தவிர ஓரத்தில் ஏதாவது எழுதியிருந்தால் தாராளமாகச் சேரலாம். அப்படி ஒரே ஒரு ஆசிரியர் இருக்கிற சின்னக் கல்லூரி, செமினார் பெயருக்கு நடக்கிற பெரிய பல்கலைக்கழகத்தை விட மேல்.

மத்தியப் பல்கலைக்கழகம் என்று முடிவு செய்தவர்கள் அங்கே முதுகலை சேர்வதற்கான நுழைவுத்தேர்வான கியூட் பிஜி தேதியில் கவனமாக இருக்க வேண்டும். அண்மை ஆண்டுகளில் மார்ச்சிலேயே தேர்வு வந்துவிடுகிறது. விண்ணப்பம் அதற்கும் முன்பே முடிந்துவிடும். பி.ஏ. ரிசல்ட் வரட்டும், பார்க்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் அந்த வருடம் போச்சு.