பாரிஸில் நான்கு பேருக்குத் தங்குமிடம்: ஐந்து வழிகள், ஐந்து கணக்குகள்

அப்பா, அம்மா, ஏழு வயதில் ஒன்று, பதின்மூன்று வயதில் ஒன்று. கோடையில் பாரிஸில் ஐந்து இரவுகள். அறை தேட உட்காரும்போது பலர் செய்யும் முதல் தவறு, தேடல் பெட்டியில் ‘இரண்டு பேர்’ என்று போடுவது. விலை குறைவாகத் தெரியும். பிள்ளைகள்தானே, போய் ஓர் எக்ஸ்ட்ரா பெட் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. சென்னையிலும் கொழும்பிலும் இது நடக்கும், பாரிஸில் நடக்காது. மையப் பகுதியின் பழைய ஹோட்டல்களில் 12, 14 சதுர மீட்டர் அறைகள் சாதாரணம். டபுள் பெட் என்பது பல இடங்களில் 140 செ.மீ அகலம்தான். கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே பெரிய சூட்கேஸை விரித்துத் திறக்கவே இடம் இருக்காது, எக்ஸ்ட்ரா பெட்டை எங்கே போடுவது? ஒவ்வோர் அறைக்கும் ஆள் வரம்பு உண்டு. ரிசப்ஷனில் நான்கு பேர் போய் நின்றால், இன்னோர் அறையை அன்றைய விலைக்கு எடுக்கச் சொல்வார்கள். கோடையில் அன்றைய விலை என்றால் வயிற்றைக் கலக்கும்.

ஆகவே 2 பெரியவர், 2 பிள்ளை, பிள்ளைகளின் வயது மூன்றையும் போட்டுத்தான் தேட வேண்டும். பயண நாளில் என்ன வயதோ அதைப் போடுங்கள். ஒரு ஹோட்டலில் பிள்ளை என்பது 12 வயது வரை, இன்னொன்றில் 16 வரை. பதின்மூன்று வயதுப் பையன் ஓர் இடத்தில் இலவசம், அடுத்த தெருவில் முழு ஆள்.

ஃபேமிலி ரூம்: பெயரைப் பார்க்காதீர்கள், கட்டிலை எண்ணுங்கள்

‘ஃபேமிலி ரூம்’ என்ற பெயருக்கு ஒரே பொருள் கிடையாது. மூன்று வகை அறைகள் இந்தப் பெயரில் விற்கின்றன. ஒரு டபுள் பெட்டும் இரண்டு தனிக் கட்டில்களும் உள்ளது முதல் வகை. பிரெஞ்சில் ‘ஷாம்ப்ர் குவாத்ருப்ல்’ என்பார்கள். இதுதான் நல்லது, ஆனால் அரிது. டபுள் பெட்டோடு பங்க் பெட் வைத்தது இரண்டாவது. பி அண்ட் பி ஹோட்டல்ஸ் போன்ற சிக்கனச் சங்கிலிகளில் இது கிடைக்கும், பெரும்பாலும் நகரைச் சுற்றியுள்ள பெரிஃபெரிக் சாலையை ஒட்டிய கிளைகளில். பிரான்சில் பங்க் பெட்டின் மேல்தட்டு ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று எழுதியே ஒட்டியிருக்கும். ஐந்து வயதுப் பிள்ளை இருந்தால் இந்த அறையில் ஒரு படுக்கையைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

டபுள் பெட்டோடு சோபா பெட் என்பது மூன்றாவது வகை, அதிகம் கிடைப்பதும் இதுதான். இங்கே கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். முதுகுச் சாய்வைப் பின்னால் தள்ளினால் ‘கிளிக்’ என்று படுக்கையாகும் ‘கிளிக்-கிளாக்’ சோபாவில் நடுவே நீளவாக்கில் ஒரு மடிப்பு ஓடும். இரண்டு பேர் படுத்தால் மடிப்பு நடுவில் விழும். சின்னப் பிள்ளைகளுக்குப் பரவாயில்லை, பதின்மூன்று வயதுக்கும் ஏழு வயதுக்கும் ஒரே போர்வை என்றால் இரவு முழுக்கப் பஞ்சாயத்துதான். உள்ளிருந்து மெத்தையோடு இழுத்து விரிக்கும் வகை எவ்வளவோ மேல். புகைப்படத்தில் சோபாவை விரித்துக் காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். விரித்த படம் இல்லாவிட்டால் ‘அகலம் எத்தனை செ.மீ?’ என்று ஒரு வரி மெயில் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

நோவோடெல் சங்கிலியில் பெற்றோர் அறையிலேயே தங்கும் 16 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகளுக்குத் தங்கலும் காலை உணவும் இலவசம் என்பது நெடுநாளைய ஏற்பாடு. இதை அற்பமாக நினைக்க வேண்டாம். காலை உணவு தலைக்கு 18 யூரோ என்று வைத்துக்கொண்டால், இரண்டு பிள்ளைகளுக்கு ஐந்து நாளில் 180 யூரோ மிச்சம். இரவுக்கு 30 யூரோ அதிகமாகத் தெரியும் அறை, கூட்டிப் பார்த்தால் மலிவாக முடியலாம். லண்டனையும் சேர்த்துப் போகிறவர்களுக்கு: பிரீமியர் இன்னின் ஃபேமிலி ரூம் இரண்டு பெரியவரும் 15 வயது வரையிலான இரண்டு பிள்ளைகளும் என்ற கணக்கில்தான் அமைந்தது.

இரண்டு டபுள் ரூம்

விலையைப் பார்த்ததும் ஒதுக்கிவிடுவோம். ஆனால் மூத்த பிள்ளை பதின்மூன்று, பதினாலைத் தாண்டிவிட்டால் இதுவும் யோசிக்க வேண்டிய வழிதான். இரண்டு குளியலறை என்பது காலை ஏழரை மணிக்குத்தான் அருமை புரியும். இரண்டு சாதாரண அறைகளின் மொத்த விலை, அரிதாகக் கிடைக்கும் ஒரு நால்வர் அறையைவிடக் குறைவாக வருவதும் உண்டு.

சிக்கல் கதவில். ‘கனெக்டிங்’ என்றால் இரண்டு அறைக்கும் நடுவே உள்கதவு உண்டு. ‘அட்ஜாயினிங்’ என்றால் பக்கத்துப் பக்கத்து அறை, அவ்வளவுதான். முன்பதிவுத் தளத்தில் ‘சிறப்புக் கோரிக்கை’ கட்டத்தில் எழுதுவது கோரிக்கைதான், உறுதி அல்ல. ஓர் அறை இரண்டாம் மாடியிலும் இன்னொன்று ஐந்தாம் மாடியிலும் கிடைத்தால் ஆளுக்கு ஒரு பிள்ளையைப் பிரித்துக்கொண்டு படுக்க வேண்டியதுதான். ‘ஷாம்ப்ர் கொமுனிகான்த்’, அதாவது உள்கதவால் இணைந்த அறைகள், வேண்டும் என்று ஹோட்டலுக்கு நேரே எழுதி, அவர்கள் எழுத்தில் உறுதி தந்த பிறகு பதிவு செய்யுங்கள். இரண்டு அறையையும் ஒரே பதிவெண்ணில் போடுவது இன்னும் நல்லது.

அபார்ட்ஹோட்டல்

அடாஜியோ, சிட்டாடின் என்ற இரண்டு பெயர்கள் பாரிஸில் அடிக்கடி கண்ணில் படும். ரிசப்ஷன் உண்டு, உள்ளே சமையலறையும் உண்டு. நான்கு இரவுக்கு மேல் தங்கும் தமிழ்க் குடும்பத்துக்கு எங்கள் வாக்கு இதற்குத்தான். காரணம் சோறு. இரண்டு நாள் பாகெத்தும் சீஸும் ருசிக்கும். மூன்றாம் நாள் இரவு ஏழு வயசு ‘தயிர்சாதம்’ என்று கேட்கும். காலையில் முட்டை, இரவில் சோறு, பகலில் மட்டும் வெளியே சாப்பாடு என்றால் ஐந்து நாளில் நான்கு பேருக்கு மிஞ்சும் தொகை, அறை விலையின் வித்தியாசத்தை ஈடுகட்டிவிடும்.

அடுப்பு பெரும்பாலும் இரண்டு வட்டங்கள் கொண்ட கண்ணாடித் தட்டு. இண்டக்‌ஷன் என்றால் நம் அலுமினிய குக்கர் சூடேறாது, அடியில் காந்தம் ஒட்டும் பாத்திரம் வேண்டும். எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர் எடுத்துப் போகலாம். மின்னழுத்தம் 230 வோல்ட், ஊரில் உள்ளதேதான். ஆனால் இந்திய மூன்று முள் பிளக் பிரெஞ்சு சாக்கெட்டில் நுழையாது, அங்கே சாக்கெட்டிலிருந்தே ஒரு எர்த் முள் வெளியே நீண்டிருக்கும். போன் சார்ஜருக்கு வாங்கிய மலிவு அடாப்டரில் குக்கரைச் செருகாதீர்கள், உருகும். அடாப்டர் மேல் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து வாங்குங்கள். அரிசி, மிளகாய்த்தூள், கறிவேப்பிலை எதையும் சுமக்க வேண்டாம். கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்னே, லா சப்பல் மெட்ரோ பக்கம் ஃபோபூர் சென் தெனி தெருவில் ஈழத்தமிழர் கடைகள் வரிசையாக உண்டு.

பிரான்சில் 2015 மார்ச்சிலிருந்து எல்லாக் குடியிருப்புகளிலும் புகை எச்சரிக்கைக் கருவி கட்டாயம். காய்ந்த மிளகாய் தாளித்தால் அது ஊளையிடும். எண்ணெயை அடுப்பில் வைப்பதற்கு முன்பே ஃபேனைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, மூடி போட்டுத் தாளியுங்கள்.

குறைகளும் உண்டு. ஹோட்டல்போல் தினமும் துடைத்துக் கட்டில் விரிக்கமாட்டார்கள். கிளம்பும்போது பாத்திரங்களைக் கழுவி வைக்காவிட்டால் தனிக் கட்டணம் விழக்கூடும். ‘நால்வர் ஸ்டூடியோ’ என்பது ஒரே அறை, கதவு கிடையாது. ‘ஒரு படுக்கையறை அபார்ட்மென்ட், நால்வர்’ என்றால் பிள்ளைகள் ஹாலில் சோபா பெட்டில், பெற்றோர் கதவுக்குப் பின்னே. முடிந்தால் இரண்டாவதை எடுங்கள். 30 சதுர மீட்டருக்குக் கீழே நான்கு பேரும் நான்கு பெட்டிகளும் என்றால் ஒருவர் நடக்க மற்றவர் உட்கார வேண்டியிருக்கும்.

தனியார் அபார்ட்மென்ட்

ஏர்பிஎன்பி போன்ற தளங்களில் இரவு வாடகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். சுத்தம் செய்யும் கட்டணம் 100 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு இரவுக்கு எடுத்தால் இரவுக்கு 50 யூரோ ஏறும், ஐந்து இரவு என்றால் 20தான். குறுகிய தங்கலுக்கு இந்த வழி கட்டாது.

பாரிஸில் தான் குடியிருக்கும் வீட்டை உரிமையாளர் ஆண்டுக்கு 90 நாள் மட்டுமே இப்படி வாடகைக்கு விடலாம். முன்பு 120 ஆக இருந்தது, 2025இல் குறைந்தது. விளம்பரத்தில் வீட்டின் பதிவெண் இருக்க வேண்டும். அது இல்லாத வீட்டைத் தொடாதீர்கள். கடைசி நேரத்தில் ‘மன்னிக்கவும், ரத்து’ என்று வந்தால் ஆகஸ்டில் தெருவில் நிற்பது நீங்கள்.

மாடியையும் கேளுங்கள். அங்கும் தரைத்தளம் பூஜ்யம்தான், எனவே ஆறாம் மாடி என்றால் முழுசாக ஆறு ஏற வேண்டும். ‘சான் அசான்சர்’ என்று எழுதியிருந்தால் லிப்ட் கிடையாது. லிப்ட் இருந்தாலும் பழைய கட்டடங்களில் அது மாடிப்படிச் சுழலின் நடுவே செருகிய சின்னப் பெட்டி. இரண்டு ஆள் ஏறினால் சூட்கேஸ் அடுத்த நடைக்கு. கூரைக்கு நேர் கீழே உள்ள வீடு வெயிலில் அடுப்பாகும். 2019 ஜூலை 25 அன்று பாரிஸில் 42.6 டிகிரி பதிவானது, தனியார் வீடுகளிலோ ஏ.சி. அபூர்வம். ‘கிளிமாதிசேஷன்’ என்ற சொல் வசதிப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘வாந்திலாத்தர்’ என்றால் வெறும் ஃபேன்.

இன்னொன்று நேரம். ஊரிலிருந்து வரும் விமானங்கள் பல காலையிலேயே இறக்கிவிடும், வீட்டுச் சாவியோ மாலை நான்கு மணிக்குத்தான். ஹோட்டலிலும் அபார்ட்ஹோட்டலிலும் பெட்டிகளை ரிசப்ஷனில் போட்டுவிட்டு வெளியே கிளம்பலாம். இங்கே பெட்டியும் பிள்ளையுமாகப் பூங்கா பெஞ்சில் உட்கார வேண்டும்.

இந்த ஐந்து வழிகளுக்கு வெளியே ஹாஸ்டலும் உண்டு, முகம் சுளிக்க வேண்டாம். குளியலறையோடு நான்கு படுக்கை கொண்ட தனியறைகளை மொத்தமாகக் குடும்பத்துக்கே தருகிறார்கள். போர்த் து வான்சேன் பக்கமுள்ள மைனிங்கர் ஓர் எடுத்துக்காட்டு. பலர் பகிரும் டார்ம் அறையில் ஒரு கட்டில் என்று தவறிப் பதிவு செய்துவிடாதீர்கள். பங்க் பெட் வயது விஷயம் இங்கேயும் பொருந்தும்.

உறவினர் வீடு

பாரிஸைச் சுற்றி உறவுகள் உள்ளவர்களுக்கு இதுவும் ஒரு வழி. ஆனால் விசா வேண்டியவர்களுக்கு ‘மாமா வீட்டில் தங்குவோம்’ என்று வாயால் சொன்னால் போதாது. மாமா தன் ஊர் மேரிக்கு, அதாவது நகரசபைக்கு, நேரில் போய் ‘அத்தெஸ்தாசியோன் தாக்கேய்’ என்ற, விருந்தினரைத் தங்கவைப்பதற்கான சான்றை எடுக்க வேண்டும். 30 யூரோ முத்திரைக் கட்டணம், மறுத்தாலும் திரும்பாது. அடையாள அட்டை, வீட்டுப் பத்திரம் அல்லது வாடகை ஒப்பந்தம், வருமானச் சான்று எல்லாம் கேட்பார்கள். இத்தனை பேரைத் தங்கவைக்க வீட்டில் இடம் போதுமா என்றும் பார்ப்பார்கள். இரண்டு அறை வீட்டில் ஏற்கெனவே ஐந்து பேர் இருந்தால் நால்வருக்குக் கிடைப்பது சந்தேகம். மேரி தரும் சான்றின் அசல் உங்கள் கைக்கு வந்து சேர வேண்டும், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

வரியும் தூரமும்

தங்குமிட வரி பாரிஸில் 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இல்லை. பெரியவர்களுக்குத் தலைக்கு, இரவுக்கு, நட்சத்திரத்துக்கேற்ப. மூன்று நட்சத்திர ஹோட்டலில் 1.88 யூரோவாக இருந்தது 2024இல் 5.20 ஆனது. அந்தக் கணக்கில் இரண்டு பேருக்கு ஐந்து இரவு என்றால் 52 யூரோ. பல ஹோட்டல்களில் இதைத் தனியாக அங்கேயே கட்ட வேண்டும். ஊருக்கு ஊர் கணக்கு மாறும்: ரோமில் பத்து வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும்தான் விலக்கு, ஆம்ஸ்டர்டாமில் தலைக் கணக்கே இல்லை, அறை விலையில் 12.5 சதவீதம்.

புறநகரில் தங்கினால் டிக்கெட்டுக்கே பணம் போகும் என்பது பழைய கதை. 2025 தொடக்கத்தில் மெட்ரோவுக்கும் ஆர்.இ.ஆர். என்ற புறநகர் ரயிலுக்கும் தூரம் எதுவானாலும் 2.50 யூரோ என்று ஒரே கட்டணம் ஆக்கினார்கள், விமான நிலையம் மட்டும் தனி. ஆகவே டிஸ்னிலேண்டுக்கு இரண்டு நாள் ஒதுக்கியவர்கள், அதற்கு ஒரு நிறுத்தம் முன்னே உள்ள வால் து யூரோப் பக்கம் அபார்ட்ஹோட்டலைப் பார்க்கலாம். பாரிஸை மட்டும் சுற்றுபவர்களுக்கு அது வேண்டாம். பணம் மிஞ்சும், ஆனால் பிள்ளை தூங்கி வழியும் இரவு ரயிலில் முக்கால் மணி நேரம் போகும்.

பதிவு செய்யும் வரிசை

பிரான்ஸ் உட்படப் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு, தங்கும் எல்லா இரவுக்கும் சான்று கேட்பார்கள். எனவே இலவச ரத்து வசதியுள்ள ஹோட்டல் அல்லது அபார்ட்ஹோட்டல் பதிவே முதலில். உறுதிச் சீட்டில் நான்கு பேர் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். தளங்கள் பல முதல் பெயரை மட்டும் அச்சிட்டு ‘+3’ என்று விட்டுவிடும். மற்ற மூன்று பெயரையும் சேர்த்துப் புதுச் சீட்டு அனுப்பும்படி ஹோட்டலுக்கு மெயில் போடுங்கள், பெரும்பாலும் செய்து தருவார்கள். இலவச ரத்துக்கான கடைசித் தேதி, விசா முடிவு வரக்கூடிய நாளுக்குக் குறைந்தது ஒரு வாரம் பின்னால் விழுகிறதா என்று பாருங்கள். அந்தத் தேதி பாரிஸ் நேரத்தில் கணக்கு. போலிப் பதிவுச் சீட்டு விற்கும் ஏஜென்டுகள் பக்கம் போக வேண்டாம். தூதரகம் ஹோட்டலுக்கு ஒரு போன் போட்டால் விசாவும் போகும், கட்டிய கட்டணமும் போகும்: 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 45. பதின்மூன்று வயதுக்கு இங்கேயும் முழுக் கட்டணம்தான்.