கானாடுகாத்தான் வீட்டு விடுதி: சாப்பாடு பிரமாதம், கதைதான் பாதி

செட்டிநாட்டில், பழைய நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். குறையும் சொல்லப் போவதால் பெயர் வேண்டாம். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. காலையில் வெள்ளைப் பணியாரம், தொட்டுக்கொள்ள மிளகாய்த் துவையல். மதியம் கடைசியில் கவுனி அரிசி, கருஞ்சிவப்பாக, விரலில் லேசாக ஒட்டும் பதத்தில், தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டு. அறை சுத்தம், வைஃபை மட்டும் முகப்பைத் தாண்டி வராது.

வீட்டைச் சுற்றிக் காட்டத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள், அங்கேதான் ஏமாற்றம். பர்மா தேக்கு, இத்தாலி மார்பிள், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடி டைல்ஸ் என்று வழிகாட்டித் தம்பி ஒப்பித்துக்கொண்டே போகிறார். சரி தம்பி, இதற்கெல்லாம் காசு எப்படி வந்தது, அப்புறம் ஏன் நின்றது என்று கேட்டால் "ஜப்பான்காரன் குண்டு போட்டுட்டான் சார்", அவ்வளவுதான்.

காசு வந்தது பர்மாவில் வட்டிக்குக் கொடுத்து. அதன் அன்றைய தலைநகர் ரங்கூனில் குண்டு விழுந்தது 1941 டிசம்பரில். சரிவு அதற்குப் பத்து வருடம் முன்பே தொடங்கிவிட்டது. 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தபின் பர்மா அரிசிக்கு ஐரோப்பாவில் கிராக்கி ஏற, ஐராவதி டெல்டாவில் காடு வெட்டி வயலாக்கியவர்களுக்குக் கடன் கொடுக்க வெள்ளைக்கார பேங்குகள் எட்டிப் பார்க்கவில்லை, கிட்டங்கியில் (பல செட்டியார்கள் சேர்ந்து தொழில் நடத்திய கூடம்) பெட்டியடி (கணக்குப் பெட்டி வைத்த இடம்) போட்டு உட்கார்ந்து நம்மவர்கள்தான் கொடுத்தார்கள். தேக்கும் எண்ணெயும் பெரும்பாலும் பிரிட்டிஷ் கம்பெனிகள் கையில் இருந்தன, செட்டிநாட்டுப் பணம் போனது நெல்லுக்கு. அந்த நெல் விலை 1930-ல் விழுந்ததும் வட்டியும் வரவில்லை, அசலும் வரவில்லை, நிலம்தான் வந்தது. 1938 வாக்கில் கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம் செட்டியார்கள் வசம். கையில் புரண்ட பணம் வயலில் முடங்கியது, நிலத்தை இழந்த பர்மியருக்கும் கோபம் ஏறியது, அந்தக் கோபத்தில் நியாயம் இல்லாமலும் இல்லை. 1948 நிலத் தேசியமயச் சட்டமும் 1962-க்குப் பிந்தைய ராணுவ ஆட்சியும் மிச்சத்தை முடித்துவிட்டன.

பணத்தை வேறு பக்கம் திருப்பியவர்களும் இருந்தார்கள். எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியாரின் இந்தியன் ஓவர்சீஸ் பேங்க், 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் திறந்தது. பக்கத்து ஊர் சமாசாரம், தம்பி அதைக்கூடச் சொல்லவில்லை.

இரண்டாம் கட்டில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பேரேடு இருக்கிறது. பற்று வரவு முழுக்கத் தமிழ் எண்களில், ஓரத்தில் மௌபின், பியாப்போன் என்று டெல்டா ஊர்ப் பெயர்கள். இந்த வீட்டிலேயே உருப்படியான பொருள் அதுதான், 'ஓல்டு அக்கவுண்ட் புக்' என்று சீட்டு ஒட்டி, மேலே டிக்கெட் கட்டை வைத்திருக்கிறார்கள்!

தங்குவதற்கு நாலு நட்சத்திரம், சுற்றிக் காட்டுவதற்கு ரெண்டு. பணியாரம் வேண்டுமென்றால் முதல் நாள் ராத்திரியே சொல்லிவிடுங்கள், காலையில் கேட்டால் பிரெட் டோஸ்ட்தான் வரும்.