ஃபண்டு வாங்கித் தருகிறேன் என்றார், 47,500 ரூபாய் போய்விட்டது

நேற்று மத்தியானம்தான் உறுதியானது. ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. சின்ன டிரஸ்ட் நடத்துபவர்கள் இதைப் படியுங்கள். என்னென்ன சரிபார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

சிவகங்கை மாவட்டத்தில் எங்களுடையது ஒரு சின்ன டிரஸ்ட். பக்கத்து கிராமங்களில் இன்னும் இரண்டு டிரஸ்ட், ஒரு மகளிர் குழு. நாலும் சேர்ந்து ஒரே திட்டமாகக் கொடுத்தால் பெரிய தொகை கிடைக்கும் என்று சொன்னது மதுரையில் இருக்கும் ஒரு கன்சல்டன்சி. பெயர் போடவில்லை, போட்டால் என் மேலேயே கேஸ் போடுவார்கள். கண்மாயில் சீமைக்கருவேலம் அகற்றி, கலுங்கை (நிரம்பிய தண்ணீர் வழிந்தோடும் இடம்) சரிசெய்து, பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகம் நடத்துவது எங்கள் திட்டம்.

எந்த இடத்தில் நம்பினேன் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். ஏசி ரூமைப் பார்த்தோ, சுவரில் மாட்டியிருந்த போட்டோக்களைப் பார்த்தோ இல்லை. நாங்கள் எழுதிக்கொண்டு போன ஆறு பக்கத்தையும் அந்தக் கன்சல்டன்சிக்காரர் சிவப்புப் பேனாவோடு வரிவரியாகப் படித்தார். நடுவில் நிமிர்ந்து, "மடை பழுதா, கலுங்கு பழுதா? ரெண்டையும் கலந்து எழுதியிருக்கீங்களே சார்" என்றார். அவ்வளவுதான். மடை என்பது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வழி. மடைக்கும் கலுங்குக்கும் வித்தியாசம் தெரிந்தவன் ஏமாற்றுவானா என்று விழுந்துவிட்டேன்.

"கம்பெனிங்க லாபத்துல ரெண்டு சதவீதம் சமூக சேவைக்குக் கொடுத்தே ஆகணும் சார், ஆள் தேடிட்டு இருக்காங்க" என்றார். பாதி உண்மை. 5 கோடி லாபம், 500 கோடி நிகர சொத்து மதிப்பு, 1,000 கோடி விற்றுமுதல், இதில் ஒன்றையாவது தொட்ட கம்பெனிக்குத்தான் அந்தச் சட்டம். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன்.

பதிவுக்கு 12,500. திட்ட அறிக்கைக்கு 15,000. அப்புறம் ஒப்புதல் கடிதம் என்று ஒன்று வந்தது. பார்த்தால் கம்பெனி இல்லை, ஏதோ ஐரோப்பிய அறக்கட்டளை. "அதைவிடப் பெருசு சார், ஆய்வுக்கு வர்றவங்க செலவுக்கு மட்டும் 20,000 போடுங்க" என்றார். போட்டேன். மொத்தம் 47,500. அந்தக் கடைசி 20,000 மகளிர் குழுச் சேமிப்பு.

அதற்கப்புறம் போனில் வேறொரு பெண் குரல். சார் மீட்டிங்கில் இருக்கிறார். சார் டெல்லி போயிருக்கிறார். மார்ச் முடியட்டும். மார்ச் முடிந்ததும், "புது வருஷக் கணக்கு இப்பதானே சார் தொடங்கியிருக்கு". நேரில் போனேன். ரசீதைத் திருப்பிக் காட்டினார்கள். பின்பக்கம் எறும்பு மாதிரி எழுத்தில், கட்டணம் திருப்பித் தரப்படாது. ஸ்டேஷனிலும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே, சிவில் கேஸ் போடுங்கள் என்றுவிட்டார்கள். 47,500-க்குக் கேஸ் நடத்த இன்னொரு 47,500 வேண்டும்.

நேற்று எங்கள் ஆடிட்டரிடம் கடிதத்தைக் காட்டினேன். தலைமை டிரஸ்டுக்கு வெளிநாட்டுப் பணம் வரும், மற்ற மூவருக்கும் அது பிரித்துக் கொடுக்கும் என்ற வரியில் விரலை வைத்தார். "2020-லயே சட்டத்தைத் திருத்தி இதை நிறுத்திட்டாங்களே. வாங்குன வெளிநாட்டு நன்கொடையை இன்னொரு அமைப்புக்கு மாத்தவே கூடாது. அதோட உங்க நாலு பேர்ல யார்கிட்ட வெளிநாட்டு நன்கொடை வாங்குறதுக்கான எஃப்.சி.ஆர்.ஏ பதிவு இருக்கு?" யாரிடமும் இல்லை. அந்தப் பணம் டெல்லி ஸ்டேட் பேங்க் மெயின் பிராஞ்சில் கணக்கு வைத்து அங்கேதான் முதலில் வாங்க வேண்டுமாம். கடிதத்தில் கேட்டிருந்தது எங்கள் மானாமதுரை கணக்கு எண்!

சரி, சரிபார்க்க வேண்டியவை. நிதி வருவதற்கு முன்னால் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நிதி கொடுப்பவரிடம் நேராகப் பேசாமல் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தொண்டு அமைப்புகளுக்கான அரசின் தர்ப்பண் தளத்தில் பதிவு செய்வது இலவசம், அதற்கும் சேர்த்துத்தான் என்னிடம் 12,500 வாங்கினார்கள். ஆன்லைனில் பணம் போட்டு ஏமாந்தால் அன்றைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள், என்னை மாதிரி மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இன்னும் எழுத இருந்தது, இப்போது முடியவில்லை.

சாயந்தரம் மகளிர் குழுக் கூட்டம். தலைவி அக்கா காலையிலேயே போன் பண்ணி, "தம்பி, ஆய்வுக்கு வர்றவங்களுக்குச் சாப்பாடு நாங்களே செஞ்சிரலாமா?" என்று கேட்டார். வந்து சொல்கிறேன் அக்கா என்று வைத்துவிட்டேன்.